பதினோரு மணிக்கு மேல் சோறு: லண்டன் கரிபியத் தெருவொன்றின் உணவகங்கள் குறித்து

லண்டன் மாநகரத்தின் மேற்குப் பக்கம் நாட்டிங் ஹில் என்றொரு பகுதி. இன்றைக்குப் பயணக் கையேடுகளையோ ஆங்கிலப் பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புகளையோ புரட்டினால் அங்கே ‘கரிபிய உணவு’ எங்கே கிடைக்கும், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். நெருப்பில் வாட்டிய காரக்கோழி, ரம், ஆட்டுக்கறிக் குழம்பு, ரொட்டி, சுவரில் பாப் மார்லி படம். உலகத்து ருசிகளையெல்லாம் ஒரே தெருவில் தின்று தீர்த்துவிடலாம் என்கிற ‘பண்பாட்டுப் பன்மை’யின் குதூகலம். பன்மையைக் கொண்டாடுவதில் நமக்கொன்றும் ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்த வகை எழுத்து உணவை மேசைக்கு மேலே இருக்கிற ஒன்றாக மட்டுமே பார்க்கிறது. மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருந்தார்கள், எத்தனை மணி வரைக்கும் உட்கார விட்டார்கள், எழுந்து போகச் சொன்னது யார் என்கிற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. இந்தக் கேள்விகளுக்கான பதில் போலீஸ் குறிப்பேடுகளிலும், நகரசபையின் உரிம ஆணைகளிலும், நீதிமன்றச் சாட்சியங்களிலும் கிடக்கிறது. ஒரு சாப்பாட்டுக்கடையை 18 மாதத்தில் 12 தடவை போலீஸ் புகுந்து சோதனை போட்டதென்றால், அங்கே வெந்துகொண்டிருந்தது வெறும் சோறு மட்டுமாக இருக்க முடியாது.

அந்தக் கடைக்குப் போவதற்கு முன்னால் தட்டில் இருப்பதைக் கொஞ்சம் வாசித்துவிடலாம். தட்டும் ஒரு பிரதிதான். ஜமைக்காக்காரர்களின் தேசியச் சாப்பாடு என்று சொல்லப்படுவது அக்கி என்கிற பழமும் கருவாடும் சேர்த்துச் சமைப்பது. அக்கி மேற்கு ஆப்பிரிக்க மரம். அடிமைக் கப்பல்களின் காலத்தில் 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. பழுத்துத் தானாக வாய் பிளக்கும் முன்னால் பறித்துத் தின்றால் விஷம். கருவாடோ, வட அமெரிக்கக் கரையோரம் பிடிபட்ட காட் மீன். நல்ல ரகமெல்லாம் ஐரோப்பியச் சந்தைக்குப் போய்விடும். அங்கே விலைபோகாத கழிசடை ரகத்துக்கு வியாபாரிகள் வைத்த பெயர் ‘மேற்கிந்திய ரகம்’. கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு அதுதான். சீமைப்பலா வந்த கதை இன்னும் வேடிக்கை. அடிமைகளுக்கு மலிவாக வயிற்றை நிரப்ப ஏதாவது வேண்டுமென்று பசிபிக் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு கப்பல் அனுப்பியது. 1789இல் அந்த ‘பௌண்டி’ கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து கேப்டன் பிளையைப் படகில் இறக்கிவிட்டார்கள். மனுஷன் விடவில்லை. மறுபடி போய் 1793இல் கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கினார். ‘சோறும் பயறும்’ என்று அவர்கள் சொல்லும் சாப்பாட்டில் விழும் பயறுகளில் ஒன்று நம்ம துவரை. இந்தியாவில் விளைந்து, ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கிருந்து அடிமைக் கப்பலேறிப் போனது. அதாவது இந்தத் தட்டில் இருக்கிற எதுவுமே சாப்பிடுகிறவர் விரும்பித் தேர்ந்தது கிடையாது. அவருடைய உழைப்பின் விலையை எவ்வளவு குறைக்கலாம் என்று எங்கோ உட்கார்ந்து எவனோ போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கை ருசியாக மாற்றியது மட்டும் சாப்பிட்டவர்களின் சாதனை.

அடிமை முறை 1830களில் ஒழிந்த பிறகு தோட்ட முதலாளிகளுக்குக் கூலியைக் கட்டுப்படுத்த வேறு ஆள் தேவைப்பட்டது. 1845க்கும் 1917க்கும் இடையில் டிரினிடாட் தீவுக்கு மட்டும் ஒப்பந்தக் கூலிகளாக 1,43,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரி பேசுகிறவர்கள். சென்னையில் ஏறியவர்களும் உண்டு. அவர்களை ‘மதராசி’ என்றார்கள். டிரினிடாட்டில் கருவேப்பிலைக்கு வழங்கும் பெயர் நம் சொல்லின் சிதைவுதான். பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் தமிழர் அதிகம். அங்கே மசாலாக் கறிக்கு ‘கொலொம்போ’ என்று பெயர். குழம்புதான் அப்படி ஆயிற்று என்பார்கள். இல்லை, கொழும்பு என்பாரும் உண்டு. இதையெல்லாம் கேட்டவுடன் ‘பார்த்தியா, தமிழன் போகாத இடமே இல்லை’ என்று புல்லரித்துப்போகிற ஒரு கூட்டம் நம்மிடம் உண்டு. அவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளட்டும்: விடுதலையடைந்த கறுப்பர்கள் கூலி உயர்வு கேட்டபோது அவர்களின் பேரத்தை முறிக்கத்தான் இந்தக் கூலிகள் இறக்கப்பட்டார்கள். ரொட்டியும் சோறும் ஒரே தட்டுக்கு வந்தது சகோதரப் பாசத்தால் அல்ல. ஒரே முதலாளியின் இருவேறு கணக்குப் புத்தகங்கள் வழியாக வந்தது.

ஜமைக்காவுக்கும் டிரினிடாட்டுக்கும் இடையில் ஆயிரம் மைலுக்கு மேல் கடல். பார்படாஸ்காரருக்கு கயானாக்காரரைத் தெரியாது. ‘கரிபிய உணவு’ என்று ஒற்றையாகச் சொல்லக்கூடிய ஒன்று அந்தத் தீவுகளில் இருந்ததாகச் சொல்ல முடியாது. அது லண்டனில்தான் உண்டானது. தீவுகளையெல்லாம் இணைத்து 1958இல் உண்டாக்கிய மேற்கிந்தியக் கூட்டாட்சி 1962இல் உடைந்து போயிற்று. ஆனால் லண்டன் கஃபேக்களின் மேசைகளில் அந்தக் கூட்டாட்சி உடையாமல் நடந்துகொண்டிருந்தது. டிரினிடாட் ரொட்டிக்கு ஜமைக்காக் கறி. வெள்ளைக்காரன் பார்வையில் எல்லோரும் ஒரே ‘கறுப்பன்’. அவன் பார்வை கட்டியமைத்த அந்த அடையாளத்தை இவர்கள் எடுத்துத் தம் கருவியாக்கிக்கொண்டார்கள்.

1948 ஜூனில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் சில நூறு கரிபியர்களைக் கொண்டுவந்து டில்பரி துறைமுகத்தில் இறக்கியது. அதே ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் காலனி மக்களையும் குடிமக்கள் என்றது. சட்டம் சொன்னதைத் தெரு ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டு ஜன்னல்களில் கறுப்பருக்கு வாடகைக்கு இல்லை என்று அட்டை. கிடைத்த அறை ஒற்றை அறை. காசு போட்டால் எரியும் கேஸ் அடுப்பு. சமையல் வாசனை வந்தால் வீட்டுக்காரம்மா கத்துவாள். நாட்டிங் ஹில்லின் பெரிய பழைய வீடுகளை அறை அறையாகத் தடுத்து, மற்றவர் இடம் தராதவர்களுக்குக் கொள்ளை வாடகைக்கு விட்ட பீட்டர் ராக்மன் என்கிற வீட்டுச் சொந்தக்காரனின் பெயர் ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது. மதுக்கடைகளில் கறுப்பருக்கு ஊற்ற மாட்டார்கள், அல்லது ஒரு மூலையில் மட்டும் ஊற்றுவார்கள். இரட்டைக் குவளை தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. சாதியின் தீட்டுக்குச் சாத்திரம் இருக்கிறது. இங்கே அது கடைக்காரரின் ‘வியாபார சுதந்திரம்’ என்ற பெயரில் நடந்தது.

இந்தக் காலத்தின் சாப்பாட்டைப் பதிவுசெய்த நாவல் சாம் செல்வனின் ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ (1956). டிரினிடாட்டில் பிறந்தவர்; அவருடைய அப்பா சென்னையிலிருந்து போன தமிழ்க் கிறித்தவர். பெயரே சொல்கிறது. அந்த நாவலில் பசி தாங்காமல் ஒருவன் பூங்காவில் புறாவைப் பிடித்துச் சமைக்கிறான். இன்னொருவன் ஜன்னலுக்கு வரும் கடற்பறவைகளைப் பிடித்துத் தின்கிறான். பூங்காப் புறாவைப் பிடித்தால் லண்டன்வாசிக்கு வரும் அதிர்ச்சி, பக்கத்து அறையில் பட்டினி கிடக்கிற மனுஷனைப் பார்த்து வராது என்பது செல்வன் நக்கலாகக் காட்டுவது. அதைவிட முக்கியம் டாண்டி என்கிற கிழவி. ஹாரோ ரோட்டுப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரனிடம் ‘எங்க ஊரில் கடன் தராத கடைக்காரன் கிடையாது, நீயும் நோட்டுப் போடு’ என்று அடம்பிடித்து அந்தத் தெருவுக்கே கடன் பழக்கத்தைக் கொண்டுவந்துவிடுகிறாள். அவள் எந்தக் கட்சியிலும் இல்லை, கோஷம் போடவில்லை. நகரத்தின் விதி ஒன்றை மளிகைக்கடைப் பலகையில் வைத்து மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாள். ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மோசஸின் அறையில் கூடிப் பேசுகிறார்கள். அறை, அதற்கடுத்து கடை, அதற்கடுத்து கஃபே என்று வெளி கொஞ்சம் கொஞ்சமாக விரிவதைப் பார்க்கிறோம்.

1958 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வெள்ளை இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டிங் ஹில் கறுப்பர்களைத் தாக்கினார்கள். அப்போது பிளென்ஹீம் கிரெசென்ட் தெருவில் ‘டோட்டோபேக்’ என்று பட்டப்பெயர் கொண்டவரின் கஃபே ஒரு கோட்டையாக மாறியது. உள்ளே இருந்தவர்கள் தாக்குதலை எதிர்த்து நின்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஆன்டிகுவாத் தச்சர் கெல்சோ காக்ரேன் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்ட டிரினிடாட் கம்யூனிஸ்ட் கிளாடியா ஜோன்ஸ் பத்திரிகை நடத்தியதும், 1959 ஜனவரியில் ஒரு மண்டபத்துக்குள் கரிபியக் கார்னிவலைக் கொண்டுவந்ததும் இந்தச் சூழலில்தான்.

ஃபிராங்க் கிரிச்லோ இந்தக் கட்டத்தில் வருகிறார். 1932இல் டிரினிடாட்டில் பிறந்து 1953இல் இங்கிலாந்து வந்தவர். ரயில்வே வேலை, இசைக்குழு எல்லாம் பார்த்துவிட்டு 1959இல் வெஸ்ட்போர்ன் பார்க் ரோட்டில் ‘எல் ரியோ’ என்று ஒரு கஃபே திறந்தார். இரவு வெகுநேரம் திறந்திருக்கும். இரவு வேலைக்காரர்கள், சூதாடிகள், இசைக்காரர்கள், மேட்டுக்குடி வெள்ளையரில் ‘சுவாரஸ்யம்’ தேடி வருகிறவர்கள் என்று கலவையான கூட்டம். 1963இல் யுத்த மந்திரி ஜான் புரொஃபியூமோவைப் பதவியிறக்கிய விவகாரத்தில் அடிபட்ட கிறிஸ்டீன் கீலரும் ஸ்டீஃபன் வார்டும் அங்கே வந்துபோனவர்கள். அதற்கப்புறம் போலீஸின் நோட்டில் எல் ரியோவுக்கு நிரந்தர இடம். கவனிக்க வேண்டியது இது: மந்திரி பிரபு வீட்டு நீச்சல் குளத்துப் பக்கம் உல்லாசமாக இருந்தார். அந்த மாளிகையை யாரும் ‘குற்றவாளிகளின் கூடாரம்’ என்று சொல்லவில்லை. காபி விற்ற கறுப்பரின் கடைக்குத்தான் அந்தப் பட்டம் வந்தது.

1968 மார்ச்சில் ஆல் செயின்ட்ஸ் ரோடு 8ஆம் எண்ணில் கிரிச்லோ ‘மாங்ரோவ்’ திறந்தார். (அடுத்த மாதம்தான் ஈனாக் பவல் குடியேறிகளுக்கு எதிராக ரத்த ஆறு ஓடுவதைப் பற்றி உளறியது.) எல் ரியோ மாதிரி இல்லை இது. முறையான உணவகம், ஊர்ச் சாப்பாடு, குடும்பத்தோடு வரலாம். கிரிச்லோவின் ஆசை கௌரவமான ஓட்டல்காரராக வேண்டும் என்பதுதான். புரட்சியெல்லாம் அவர் திட்டத்தில் இல்லை. ஆனால் வீட்டுக்காரன் விரட்டினால், வேலையில் அடித்தால், பிள்ளையைப் போலீஸ் பிடித்துப்போனால் எங்கே போய்ச் சொல்வது? மாங்ரோவுக்குப் போவார்கள். வக்கீல் யார், ஜாமீன் எப்படி என்று அங்கேதான் தெரியும். ‘த ஹஸ்லர்’ என்ற பகுதிப் பத்திரிகை அங்கிருந்து வந்தது. சி.எல்.ஆர். ஜேம்ஸ் வருவார். அவருடைய உறவினர் டார்கஸ் ஹவ் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நீனா சிமோன், பாப் மார்லி, வனெசா ரெட்கிரேவ் என்று வந்துபோனவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதைத்தான் இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் பெரிய ஆர்வமில்லை. நட்சத்திரங்கள் வராமல் இருந்திருந்தாலும் போலீஸ் வந்திருக்கும்.

1969 ஜனவரிக்கும் 1970 ஜூலைக்கும் இடையில் 12 ரெய்டு. சொன்ன காரணம் போதைப்பொருள். ஒரு தடவையும் எதுவும் கிடைக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களைப் பாதித் தட்டில் எழுப்பிச் சோதனை போட்டால் எத்தனை நாளைக்கு ஆள் வரும்? ரெய்டின் நோக்கமே அதுதான். இதைவிடச் சத்தமில்லாத ஆயுதம் உரிமம். இரவு நேரத்தில் உணவு பரிமாறத் தனி உரிமம் வேண்டும். நகரசபை அதைக் கொடுக்க மறுத்தது. இரவு பதினோரு மணிக்கு மேல் ஒரு தட்டுச் சாப்பாடு வைத்தால் குற்றம் என்றாகிவிட்டது. பகலில் பஸ்ஸும் ரயிலும் ஓட்டி, ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்டு பார்த்து நகரத்தை ஓட வைக்கிறவர்கள் சாப்பிட வரும் நேரமே அதுதான். அவர்களது உழைப்புக்குக் கடிகாரம் கிடையாது, சாப்பாட்டுக்கு உண்டு. அதிகாரம் துப்பாக்கியோடு வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிற நம் தோழர்களுக்கு இந்த உரிமத்தாளைக் காட்ட வேண்டும். சுகாதாரம், நேரம், சத்தம், ஒழுங்கு என்று சாதுவான சொற்களோடு ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தில் அது வந்து இறங்கும். எதிர்த்துக் கோஷம் போடக்கூட எதிரே ஆள் இருக்காது.

கிரிச்லோ சட்டப்படியும் முயன்றார். 1965இல்தான் இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் பிரிட்டிஷ் சட்டம் வந்திருந்தது. அது கைவைத்ததே உணவகம், மதுக்கடை, தியேட்டர் முதலான ‘பொது இடங்களில்’தான். வீடும் வேலையும் 1968 திருத்தத்தில்தான் சேர்ந்தன. எங்கே சாப்பிடலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் முதல் வரி என்றே சொல்லலாம். ஆனால் போலீஸ் வேலை அந்தச் சட்டங்களுக்குள் வரவில்லை. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் வரைக்கும் வரவில்லை. கடைக்காரர் கறுப்பருக்குச் சோறு போட மறுத்தால் புகார் செய்யலாம். கறுப்பர் போடும் சோற்றைப் போலீஸ் தடுத்தால் செய்ய முடியாது. எத்தனை அழகான ஓட்டை!

1970 ஆகஸ்ட் 9, ஞாயிறு. ‘மாங்ரோவிலிருந்து கையை எடு’ என்ற கோஷத்தோடு சுமார் 150 பேர் பக்கத்துப் போலீஸ் நிலையங்களை நோக்கி ஊர்வலம் போனார்கள். அவர்களைவிடப் போலீஸ்காரர்கள் அதிகம். போர்ட்னால் ரோட்டில் அடிதடி, கைதுகள். கலவரத்தைத் தூண்டினார்கள் என்ற பெரிய குற்றச்சாட்டை முதலில் விசாரித்த கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசுத் தரப்பு விடாமல் அதை மறுபடி உயிர்ப்பித்து ஒன்பது பேரை ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தியது. லண்டன் போலீஸின் உளவுப் பிரிவில் 1967 முதலே கறுப்பு அதிகார இயக்கத்தைக் கண்காணிக்கத் தனி மேசை இருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1971 அக்டோபரில் தொடங்கி 55 நாள் நடந்த வழக்கு. டார்கஸ் ஹவ்வும் அல்தியா ஜோன்ஸ்-லெகாயிண்டும் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாங்களே வாதாடினார்கள். அல்தியா உயிர்வேதியியல் ஆய்வு மாணவி. பிரிட்டிஷ் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தின் தலைவர். முதல் கோரிக்கை, ஜூரிகள் அனைவரும் கறுப்பராக இருக்க வேண்டும் என்பது. ‘தன்னை ஒத்தவர்களால்’ விசாரிக்கப்படும் உரிமையை 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாவே தருகிறதே என்று கேட்டார்கள். பிரபுக்கள் அரசனிடம் தமக்காக எழுதி வாங்கிக்கொண்ட பத்திரத்தை அடிமைகளின் பேரப்பிள்ளைகள் எடுத்து நீட்டியதும் நீதிமன்றத்துக்குத் தர்மசங்கடம். நீதிபதி மறுத்தார். உடனே இரண்டாவது வேலை. அப்போதைய விதிப்படி ஒரு குற்றவாளி ஏழு ஜூரிகள் வரை காரணம் சொல்லாமல் நிராகரிக்க முடிந்தது. ஒன்பது பேர், 63 ஜூரிகளை நிராகரித்தார்கள். கடைசியில் 12 பேரில் இரண்டு கறுப்பர் வந்தார்கள்.

விசாரணையில் போலீஸ் மறுபடி மறுபடி சொன்னது, மாங்ரோவ் குற்றவாளிகளும் விபச்சாரிகளும் கூடும் இடம் என்பது. அதாவது வழக்கு ஊர்வலத்தைப் பற்றியதாக இருந்தாலும் கூண்டில் நின்றது கடை. ‘உணவகம்’ என்று ஒரு தரப்பும் ‘கூடாரம்’ என்று மறுதரப்பும் ஒரே நாலு சுவருக்குப் பெயர் வைக்கப் போராடின. எந்தப் பெயர் நிலைக்கிறதோ அதைப் பொறுத்து உள்ளே இருப்பவர் வாடிக்கையாளர் ஆவார், இல்லையென்றால் குற்றவாளி ஆவார். சொல்லாடல், அதிகாரம் என்றெல்லாம் நாம் இந்தப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஹவ்வின் குறுக்கு விசாரணை வேறு விதம். வண்டிக்குள் ஒளிந்திருந்து சம்பவத்தைப் பார்த்தோம் என்று சாட்சி சொன்ன போலீஸ்காரர்களிடம் அந்த வண்டியின் ஜன்னல் எவ்வளவு பெரியது என்று கேட்டார். அவ்வளவு சின்ன இடுக்கு வழியாக இத்தனை பேர் ஒரே நேரத்தில் எப்படிப் பார்த்திருக்க முடியும் என்று நிரூபித்துக் காட்டினார். எதுவும் தத்துவமில்லை. அளவுகோல்தான்.

1971 டிசம்பரில் தீர்ப்பு. கலவரக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுதலை. சிறு குற்றங்களுக்காக நால்வருக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. இரண்டு பக்கமும் இனவெறுப்பு இருந்ததற்குச் சான்று இருக்கிறது என்று நீதிபதி எட்வர்ட் கிளார்க் சொன்னார். ‘இரண்டு பக்கமும்’ என்பது நியாயமில்லாத சமன்பாடு. ஆனாலும் போலீஸின் பக்கம் அது இருந்ததாக ஒரு பிரிட்டிஷ் நீதிபதி வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அந்த வாசகத்தைத் திரும்பப் பெற வைக்கப் போலீஸ் மேலிடம் முயன்றது, முடியவில்லை.

இந்த இடத்தில் ஹேபர்மாஸ் வந்தாக வேண்டும். நம் சிறுபத்திரிகைகளில் அவரை எடுத்துப் பேசாத ஆளில்லை. லண்டன் காபி ஹவுஸ்களில்தான் பூர்ஷ்வாப் பொதுக்களம் பிறந்தது, அந்தஸ்து பாராமல் தனிமனிதர்கள் கூடி அறிவின் அடிப்படையில் விவாதித்தார்கள் என்பது அவர் 1962இல் எழுதிய நூலின் வாதம். பெண்களும் உழைப்பாளிகளும் அந்தக் களத்தில் எங்கே என்று கேட்டு விமர்சித்தவர்கள் உண்டு. நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் சாதாரணமானது: அந்தக் காபியில் போட்ட சர்க்கரை எங்கேயிருந்து வந்தது? பார்படாஸிலிருந்து, ஜமைக்காவிலிருந்து. லண்டனின் முதல் காபிக்கடை 1652இல் செயின்ட் மைக்கேல்ஸ் சந்தில் திறந்தது; அதே சந்தில் பிற்பாடு ‘ஜமைக்கா காபி ஹவுஸ்’ என்றே ஒன்று இருந்தது. தோட்ட முதலாளிகளும் கப்பல்காரர்களும் அங்கே கூடுவார்கள். லாயிட் என்பவரின் காபிக்கடையில் அடிமைக் கப்பல்களுக்குக் காப்பீடு எழுதினார்கள். அந்தக் கடை வளர்ந்த நிறுவனம் 2020இல் அதற்காக மன்னிப்புக் கேட்டது. லண்டனில் எசமானிடமிருந்து தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் பத்திரிகை விளம்பரங்களில், ஆளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டிய முகவரியாகக் காபிக்கடையின் பெயர் இருக்கும். ஆக, பொதுக்களத்துக்குள் கறுப்பர் இல்லாமல் இல்லை. சர்க்கரையாகவும், காப்பீட்டுச் சரக்காகவும், விளம்பரமாகவும் இருந்தார். பேசுகிறவராக மட்டும் இல்லை. 1675இல் இரண்டாம் சார்லஸ் அரசன், ஆட்சியைப் பற்றி வதந்தி பரப்புகிறார்கள் என்று காபிக்கடைகளை மூட ஆணையிட்டான். எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே ஆணையை வாபஸ் வாங்கிவிட்டான். அந்த எதிர்ப்பு ஜனநாயக வரலாற்றில் பெருமையாக எழுதப்படுகிறது. மூன்று நூற்றாண்டு கழித்து, அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்களின் சந்ததி ஒரு கடை வைத்து உட்கார்ந்து பேசினால், அது கலவர வழக்கு.

இவ்வளவு சொன்னதால் மாங்ரோவைக் கோயிலாக்கிவிடக் கூடாது. அது ஒரு தனியார் கடை. சிறு முதலாளியின் கனவும் சிறுத்தைகளின் அரசியலும் அங்கே உரசிக்கொண்டுதான் இருந்தன. போலீஸ்தான் இரண்டையும் ஒரே பக்கம் தள்ளியது. கூண்டில் நின்ற ஒன்பது பேரில் அல்தியாவும் பார்பரா பீஸும் பெண்கள். அல்தியா இயக்கத்தின் தலைவராக இருந்தும், பிற்காலப் பேச்சில் ஹவ்வுக்குக் கிடைத்த வெளிச்சம் அவருக்குக் கிடைக்கவில்லை. மாங்ரோவைப் பற்றிய எழுத்துகளில் மேசையில் உட்கார்ந்தவர்களின் பெயர் நீளமாக வரும். அடுப்படியில் நின்றவர்களின் பெயர் அபூர்வம். உணவகத்தைப் பேச்சின் இடமாக வாசிக்கிற நம் மாதிரி ஆட்களின் பார்வைக் கோளாறும் இதில் இருக்கிறது. வேலையின் இடமாக வாசிக்கத் தொடங்கினால் கதை மாறும்.

இன்னொன்று. அந்தக் கறுப்புச் சிறுத்தைகளில் இந்தியர்களும் இருந்தார்கள். பூலான் தேவியைப் பற்றி 1991இல் புத்தகம் எழுதிய மாலா சென் அவர்களில் ஒருவர். ஃபரூக் தோண்டி இன்னொருவர். அந்தக் கால பிரிட்டனில் ‘கறுப்பு’ என்பது தோலின் நிறத்தைக் குறித்த சொல்லாக மட்டும் இல்லை. அது ஒரு அரசியல் நிலைப்பாடு. டிரினிடாட் தோட்டத்தில் ஒருவருக்கெதிராக ஒருவராக நிறுத்தப்பட்டவர்கள் ஆல் செயின்ட்ஸ் ரோட்டில் ஒரே பெயரின் கீழ் நின்றார்கள். பின்னால் அந்தப் பெயர் பிளந்து, ஆசியர், கரிபியர், ஆப்பிரிக்கர் என்று அரசாங்கப் படிவத்தின் தனித்தனிக் கட்டங்களாயிற்று. உணவு வழிகாட்டியிலும் தனித்தனி அத்தியாயங்கள்.

வழக்கில் ஜெயித்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 1988இல் மறுபடி பெரிய ரெய்டு. கிரிச்லோ மீது போதைப்பொருள் வழக்கு. ஜாமீன் நிபந்தனையில் அவர் தன் கடைப் பக்கமே போக முடியாதபடி செய்தார்கள். 1989இல் விடுதலை. 1992இல் லண்டன் போலீஸ் அவருக்கு 50,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் மாங்ரோவ் மூடப்பட்டது. நஷ்டஈடு வரும்போது நஷ்டமான பொருள் இல்லை. அதற்குள் வீட்டு விலை ஏற ஆரம்பித்திருந்தது. ராக்மன் தடுத்து விட்ட வீடுகளின் தடுப்புகளை உடைத்து மறுபடி பெரிய வீடுகளாக்கிக் கோடீஸ்வரர்கள் குடியேறினார்கள். போலீஸால் முடியாததை வாடகை செய்து முடித்தது. 1999இல் ‘நாட்டிங் ஹில்’ என்ற பெயரிலேயே ஒரு காதல் படம் வந்தது. அந்தப் படத்தின் தெருக்களில் கறுப்பு முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்று அப்போதே கேலி செய்தார்கள். கிரிச்லோ 2010இல் காலமானார். அடுத்த வருஷம் அந்தச் சுவரில் நீல நினைவுத் தகடு பதித்தார்கள். 2020இல் ஸ்டீவ் மக்வீன் ‘மாங்ரோவ்’ என்றே படமெடுத்தார். நல்ல படம். படம் பார்த்துவிட்டு அந்தத் தெருவுக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்குக் கரிபியச் சாப்பாடு கிடைக்கும். சமைத்தவர்களின் தலைமுறை அந்த வாடகையில் அங்கே குடியிருக்க முடியாது.

மாங்ரோவின் பெயர் இப்போது ஒரு ஸ்டீல் பேண்ட் குழுவில் மிஞ்சியிருக்கிறது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறும் திங்களும் நடக்கிற கார்னிவலில் அவர்கள் வாசித்துக்கொண்டு போவார்கள். ஆல் செயின்ட்ஸ் ரோட்டிலும் சுற்றுத் தெருக்களிலும் கோழி வாட்டும் புகை; ரொட்டி, ஆட்டுக்கறி, வறுத்த மீன். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் அந்த இரண்டு நாளைக்கு லண்டனின் வேறு மூலைகளிலிருந்து அடுப்பும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கடை போட உரிமம் வாங்க வேண்டும். பணக்கார வீடுகள் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு வெளியூர் போய்விடும். ஆயிரக்கணக்கில் போலீஸ். மாலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கிகளை நிறுத்திவிட வேண்டும்.